பாண்டிமீனா அழணும்

அந்தப் பையை இப்படிக் குடுங்கம்மா, மடியில வச்சுக்கிறேன். ஒண்ணும் பாரமில்ல, குடுங்க. ஜன்னலோரத்துல இருக்கிற அம்மா பாலவநத்தத்துல இறங்கிரும், அப்புறம் நீங்க உக்காந்துக்கலாம். நானும் விருதுநகர் வரைக்கும்தான். இன்னைக்கு அங்க டீச்சர்மாருக்கெல்லாம் ஒரு பயிற்சி. எடுத்துக்கப் போறேன்னு நினைச்சிராதீங்க, குடுக்கப் போறேன். வசந்தகோகிலான்னு பேரு, பத்தாம் வகுப்புக்கு சோசியல் சயின்ஸ் எடுக்குறேன். இத்தனை வருஷ சர்வீசுல மேடைக்குக் கூப்பிட்டு மைக்கக் கையில குடுக்குறது இதுதான் முதல் தடவை. நேத்தே சேலைய அயர்ன் பண்ணி வச்சுட்டேன்.

என்ன பயிற்சியா? வீட்டுல யாராவது தவறிப்போன பிள்ளைங்க இருக்குல்ல, அப்பாவோ, அம்மாவோ, கூடப்பிறந்ததோ, அதுகளப் பள்ளிக்கூடத்துல எப்படித் தேத்துறதுன்னு. சும்மா சொல்லக் கூடாது, இதுல நம்ம மாவட்டத்துல என்னைய விட்டா ஆளில்ல. ஒரு பிள்ளைய அழவைக்க நான் பட்ட பாடு இருக்கே. ஆமாம்மா, அழவைக்கத்தான். ஏன் அப்படிப் பாக்குறீங்க? சொல்றேன் கேளுங்க. மேடையில பேசுறதுக்கு முன்னாடி எனக்கும் ஒருதடவ சொல்லிப் பாத்த மாதிரி இருக்கும்.

ஜூன்ல பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஆளு இதுக்குன்னு பொறுப்பு எடுக்கணும்னு மேல இருந்து சொல்லிட்டாங்க. யாரு எடுக்குறீங்கன்னு ஹெட்மாஸ்டர் கேட்டார். நான் ஒருத்திதான் கையத் தூக்குனேன். எனக்கு ஒரு நாள் பயிற்சி போட்டாங்க. மெட்ராஸ்ல இருந்து ஒரு தம்பி வந்திருந்தார், சின்ன வயசு, தாடி வச்சவர். அழுகைய அடக்கி வச்சா அது உள்ளுக்குள்ள கிடந்து பிள்ளையக் கெடுத்துரும்னு ஒரு வார்த்தை சொன்னார் பாருங்க, அது அப்படியே பச்சக்குன்னு மனசுல ஒட்டிக்கிச்சு. சாப்பாட்டுக்கு அப்புறமும் என்னமோ பேசுனாராம், எப்ப அழவிடணும், எப்பச் சும்மா விடணும்னெல்லாம். நான் வண்டிய விட்டுருவேன்னு மத்தியானமே கிளம்பிட்டேன். பாதி கேட்டாலே நமக்குப் போதும்மா, மீதிய நாமளாப் பிடிச்சுக்குவோம்.

என் வகுப்புல அப்படி மூணு பேரு. முனீஸ்வரன்னு ஒரு பையன், அவங்கப்பா கிணறு வெட்டையில மண்ணு சரிஞ்சு போய்ச் சேர்ந்தவர். ஜெபசெல்வின்னு ஒரு பிள்ளை, அது அண்ணன் கண்மாயில முங்கிப்போனவன். இன்னொண்ணுதான் இந்தப் பாண்டிமீனா. அவங்கம்மா இந்திராணி காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போச்சு, பொணமாத்தான் வந்துச்சு. காரியம் முடிஞ்ச மறுநாளே இந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் வந்துருச்சு. சடைய இறுக்கிப் பின்னி, முகத்துக்குப் பவுடர் போட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி அது இடத்துல வந்து உக்காந்துச்சு. எனக்கு அப்பவே பக்குன்னு ஆயிருச்சு.

புதன்கிழமை கடைசி பீரியட நான் இதுக்குன்னே வாங்கிட்டேன். சயின்ஸ் லேப்ல மூணு பேரையும் சுத்தி உக்கார வச்சேன். முனீஸ்வரன்கிட்ட, உங்கப்பா உனக்குக் கடைசியா என்னடா வாங்கிக் குடுத்தார்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். பொலபொலன்னு கொட்டிட்டான். ஜெபசெல்விகிட்ட, அண்ணன் சட்டையெல்லாம் இப்ப யாரும்மா போடுறாங்கன்னு கேட்டேன். அதுவும் அழுதுருச்சு. நல்ல பிள்ளைங்க, சொன்ன பேச்சக் கேக்குற பிள்ளைங்க. கம்ப்யூட்டர் சார் போட்டோ எடுத்தார், அன்னைக்கே கல்வித்துறை ஆப்புல ஏத்தியாச்சு. வாராவாரம் ஏத்தணும், இல்லேன்னா போன் பண்ணிக் கேப்பாங்க.

பாண்டிமீனாகிட்ட வந்தேன். அம்மாவ நினைச்சா உனக்கு என்னம்மா தோணுதுன்னு கேட்டேன். என் முகத்தையே பாத்துச்சு. "பசிக்குது டீச்சர்"னு சொல்லுச்சு.

பசிக்குதாம். பெத்த தாயி செத்து மாசம் முழுசா முடியல, பசிக்குதாம். நான் விட்டுருவேனா?

இங்க ஒண்ணு சொல்லிர்றேன். அவங்கம்மா மேல எனக்கு எந்தக் கோவமும் கிடையாது. போன வருஷம், இது ஒன்பதாவது படிக்கையில, வீட்டுப்பாடம் எழுதலன்னு வெயில்ல முட்டி போட வச்சேன். எல்லா டீச்சரும் செய்யிறதுதான். மறுநாள் காலையில அந்த இந்திராணி பள்ளிக்கூட கேட்டுக்கு வெளிய நின்னு போட்ட சத்தம் இருக்கே, தொண்டைன்னா அது தொண்டை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டுச்சாம். பிரேயர்ல நிக்கிற பிள்ளைங்க அத்தனையும் திரும்பிப் பாக்குது. என்னைய "ஏ டீச்சரு"ன்னு கூப்பிட்டுச்சு. வசந்தகோகிலா டீச்சர்ன்னா ஊரே எந்திரிச்சு நிக்கும், நான் "ஏ டீச்சரு". அன்னைக்குப் பூரா பிள்ளைங்க வராண்டாவுல என்னையப் பாத்துச் சிரிச்சுச்சுக. அதையெல்லாம் நான் மனசுல வச்சுக்கல. செத்தவங்க மேல போயி என்ன கோவம்.

அடுத்தடுத்த வாரமும் பாத்தேன். ம்ஹூம். வகுப்புல எல்லாரையும் அம்மாவப் பத்திக் கட்டுரை எழுதச் சொல்லி, அம்மா இருக்கிற பிள்ளைங்களா எழுப்பி, பாண்டிமீனா பக்கத்துல நின்னு சத்தமா வாசிக்கச் சொன்னேன். எங்கம்மா எனக்குத் தலைவாரி விடுவாங்க, எங்கம்மா நான் வர்ற வரைக்கும் சாப்பிடாம இருப்பாங்கன்னு ஒவ்வொண்ணா வாசிக்குதுங்க. வாசிச்ச பிள்ளைங்க அழுதுச்சு. இது ரப்பரால நோட்டுல எதையோ அழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு.

எங்க பள்ளிக்கூடத்துல பிலோமினான்னு ஒரு டீச்சர், தமிழ் எடுக்குறாங்க. விட்டுருங்க டீச்சர், பிள்ளை நல்லாப் படிக்குது, நல்லாச் சாப்பிடுது, கூட உள்ளதுககிட்ட நல்லாப் பேசுது, இன்னும் என்ன வேணும்ங்கிறாங்க. அதுதானம்மா நோயே. பொறாமை அவங்களுக்கு. என் போட்டோவெல்லாம் மாவட்ட குரூப்புல வருதுல்ல.

அந்தப் பிள்ளையே ஒருநாள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்துச்சு. புதன்கிழமை அந்த ஒரு பீரியட் மட்டும் நான் வகுப்புலயே இருந்து கணக்குப் போட்டுக்கிறேனேன்னு கேட்டுச்சு. முடியாதுன்னேன். போகாம அங்கயே நிக்கிது. "என்னைய விட்டுருங்க டீச்சர், நான் நல்லாத்தான் இருக்கேன்"னு மெதுவாச் சொல்லுச்சு. நல்லா இருக்கியா இல்லையான்னு நான்தான் சொல்லணும், நீ போன்னு அனுப்பிட்டேன். சரிதானே? டாக்டர்கிட்டப் போயி எனக்குக் காய்ச்சல் இல்லன்னு நாமளே சொன்னா அவர் விட்டுருவாரா?

குழந்தைகள் தினத்துக்குப் பாத பூசை வச்சேன். இப்பப் பல பள்ளிக்கூடத்துல வைக்கிறாங்க, நீங்க பாத்திருப்பீங்க. அம்மாமாரையெல்லாம் வரவழைச்சு, வரிசையா நாற்காலி போட்டு உக்கார வச்சு, பிள்ளைங்க தாம்பாளத்துல காலக் கழுவி, மஞ்சள் குங்குமம் வச்சு, விழுந்து கும்பிடணும். பாண்டிமீனாவுக்கு முன்னாடி ஒரு காலி நாற்காலி போட்டேன். நானே கையால தூக்கிட்டு வந்து போட்டேன். ஒரு பிள்ளை தாங்குமா சொல்லுங்க? கல்லு கூடக் கரைஞ்சிரும். அது என்ன செஞ்சுச்சு தெரியுமா? தாம்பாளத்த நாற்காலிக்கு அடியில நகட்டி, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியோட காலு நாலையும் ஒவ்வொண்ணாக் கழுவுச்சு. பாவாடை தாவணியில வந்த பிள்ளை, தாவணி முந்தியால துடைச்சுச்சு. நாலு காலுக்கும் மஞ்சள் வச்சு, குங்குமம் வச்சு, எந்திரிச்சு நின்னு "முடிஞ்சது டீச்சர், அடுத்து என்ன?"ன்னு கேக்குது. பின்னாடி பையன்க எல்லாம் கெக்கெக்கேன்னு சிரிக்கிறான்க. வந்திருந்த அம்மாமார்தான் முந்தானைய வாயில வச்சுக்கிட்டு அழுதாங்க. அவங்க அழுது எனக்கு என்ன ஆகப்போகுது?

அந்தா, பாலவநத்தம் வந்துருச்சு. வாங்க வாங்க, உள்ள வந்துருங்க. ஜன்னல ஏத்தி விட்டுக்கங்க, காத்து வரட்டும். பையை நானே வச்சுக்கிறேன், இருக்கட்டும்.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்னு நீங்க நினைக்கலாம். எனக்குத் தெரியும்மா அந்த வேதனை. எங்க வீட்டுக்காரர் தவறுனப்ப எனக்கும் அழுகை வரல. மேல இருந்து கீழ வரைக்கும் மரமா இருந்துச்சு. சனமெல்லாம் வந்து கட்டிப்பிடிக்குது, நான் அது தோளுக்கு மேல சுவத்துக் கடியாரத்தப் பாத்துக்கிட்டு இருக்கேன். பொம்பளைக குசுகுசுன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. என் நாத்தனார் பக்கத்துல வந்து உக்காந்து, யாருக்கும் தெரியாம என் தொடையில ஒரு கிள்ளு கிள்ளுனா பாருங்க, அம்மாடி, சதையே கையோட போயிருச்சோன்னு இருந்துச்சு. அப்பத்தான் அழுதேன். நல்லா அழுதேன். எல்லாரும் பாத்தாங்க, மரியாதை தப்பிச்சுச்சு. என் நல்லதுக்குத்தான் கிள்ளுனா. கன்னிப்போயி ரொம்ப நாளு இருந்துச்சு. இப்பவும் அவளப் பாத்தா எனக்குப் பேச்சு வராது, அது வேற விஷயம்.

பாத பூசையும் பலிக்கலையா, அப்பத்தான் சத்துணவு சமைக்கிற அம்மா ஒரு யோசனை சொல்லுச்சு. அவங்க ஊருல சொர்ணம்னு ஒரு அம்மா, சாவு வீட்டுல ஒப்பாரி பாடப் போறது. அது வாயத் திறந்தா செத்தவனுக்கு ஆகாதவன்கூட அழுதுட்டுத்தான் போவானாம். எனக்கு மின்னல் அடிச்ச மாதிரி இருந்துச்சு. நம்ம ஆளுக எதுக்கு ஒப்பாரின்னு ஒண்ணு வச்சாங்க, அழத்தானே? மெட்ராஸ் தம்பிக்கு இதெல்லாம் தெரியுமா? ஒரு சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்லி வகுப்பு மொத்தத்தையும் வரச் சொன்னேன்.

சொர்ணம்மா வந்துச்சு. வந்து லேப்பச் சுத்திப் பாத்துட்டு, நடுவுல ஒண்ணுமே இல்லாம நான் எதப் பாத்துப் பாடுறதுன்னு கேட்டுச்சு. நியாயமான கேள்விதான். அதுக்கும் நான் முன்கூட்டியே ஏற்பாடு பண்ணியிருந்தேன். பாண்டிமீனாவோட அப்பா சங்கிலி, அரிசி மில்லுல லோடு தூக்குறவர். அவருக்குப் போன் போட்டு, இந்திராணி கட்டுன சேலை ஒண்ணு வேணும்னு கேட்டிருந்தேன். டீச்சர் கேட்டா இல்லைன்னு சொல்லத் தெரியாத மனுசன். அரக்குக் கலர் வாயில் சேலை, பிள்ளைக்குத் தெரியாமக் குடுத்து விட்டார். தவளை அறுக்கிற மேசை மேல நானே நீளமா விரிச்சு வச்சேன். பாண்டிமீனா உள்ள நுழைஞ்சதும் அதப் பாத்துச்சு. அப்படியே நின்னுருச்சு. கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி முன்வரிசையில உக்கார வச்சேன். கை சில்லுன்னு இருந்துச்சு. ஆஹா, இன்னைக்கு வந்துரும்னு நினைச்சேன்.

சொர்ணம்மா தலைமயிர அவுத்து விட்டுட்டு மாருல அடிச்சு ஆரம்பிச்சுச்சு பாருங்க. என்ன குரலு, என்ன குரலு. பையன்க மொத நாலு வரிக்குச் சிரிப்ப அடக்கிக்கிட்டு இருந்தான்க, அப்புறம் ஒவ்வொருத்தனாத் தலையத் தொங்கப் போட்டான். முனீஸ்வரன் பெஞ்சுலயே கவுந்துட்டான். ஜெபசெல்விக்கு மூச்சுத் திணறிப்போச்சு, தண்ணி குடுக்க வேண்டியதாயிருச்சு. எனக்கே கண்ணுல தாரை தாரையாக் கொட்டுது, எதுக்குன்னே தெரியல. கம்ப்யூட்டர் சார் போனப் பிடிச்சுக்கிட்டே அழுகுறார். சொர்ணம்மாவுக்கு இந்திராணியத் தெரியாதுல்ல, எல்லாச் சாவுக்கும் பாடுறதத்தான் பாடுது.

"வாயதிரப் பேசாத வண்ண மயிலே, உன் சத்தம்
வாசப்படி தாண்டாதே தங்கமே..."

அந்த இடத்துல ஒரு சத்தம் கேட்டுச்சு. முன்வரிசையில. ஆ, அழுதுருச்சுன்னு திரும்புறேன். சிரிக்குது.

பாண்டிமீனா சிரிக்குதும்மா. வாயப் பொத்திக்கிட்டு, அடக்க முடியாம, தோளு ரெண்டும் குலுங்க, கண்ணெல்லாம் மின்ன அப்படி ஒரு சிரிப்பு. அத்தனை பேரும் அழுகிற இடத்துல. செத்த தாயோட சேலைக்கு முன்னாடி. நான் கிட்டப் போயி என்னடி சிரிப்புன்னு கேக்குறேன், என் முகத்தப் பாத்துச் சந்தோசமாச் சொல்லுது: "எங்கம்மா இதக் கேட்டிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருக்கும் டீச்சர்."

என் கை தானாப் போச்சு. நான் அடிக்கணும்னு நினைக்கல. பளீர்னு ஒண்ணு, கன்னத்துல. சொர்ணம்மா பாட்ட நிறுத்திருச்சு.

அந்தப் பிள்ளை என்னையப் பாத்துச்சு, மேசை மேல இருந்த சேலையப் பாத்துச்சு. உதடு கோணுச்சு. அவ்வளவுதான், வந்துருச்சு அழுகை. சும்மா அழுகை இல்ல, அடிவயித்துல இருந்து, தரையில உக்காந்து, அம்மா அம்மான்னு. ஆறு மாசத்து அழுகை. நான் பாத்துக்கிட்டே நிக்கிறேன், என் உடம்பெல்லாம் புல்லரிக்குது. சார், எடுங்க சார், எடுங்கன்னேன். எடுத்தார். அந்தப் போட்டோதான் இன்னைக்கு அங்க ஸ்கிரீன்ல போடப்போறாங்க. பாத்தீங்கன்னா தெரியும், நான் பிள்ளையத் தோளோட அணைச்சுக்கிட்டு இருப்பேன். பிலோமினா டீச்சர் அன்னையில இருந்து என்கிட்டப் பேசுறதில்ல. போகட்டும்.

அப்புறம் என்னவா? அப்புறம் நல்ல முன்னேற்றம்மா. இப்பப் புதன்கிழமை வேணும்னே இல்ல. வராண்டாவுல என்னையக் கண்டாலே போதும், பாண்டிமீனா கண்ணுல தண்ணி தேங்கிரும். அட்டெண்டன்ஸ்ல பேரு கூப்பிட்டாக்கூட அழுகுது. யாரோடயும் பேச்சு வார்த்தை இல்ல, அது பாட்டுக்கு ஒதுங்கி இருக்கும், முன்ன மாதிரி கலகலப்பெல்லாம் கிடையாது. அரைப் பரீட்சையில மார்க்கு கொஞ்சம் இறங்கிருச்சு. மார்க்கு என்ன மார்க்கு, மனசு சுத்தமாகிறதுதானே முக்கியம்?

போன வாரம் அவங்கப்பா சங்கிலி ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். லோடு தூக்குற துண்டக் கக்கத்துல வச்சுக்கிட்டு, உக்காருங்கன்னா உக்கார மாட்டேங்குறார். என்ன விஷயம்னு கேட்டேன். நின்னுக்கிட்டே பாண்டிமீனாவப் பத்தியும் அது தங்கச்சியப் பத்தியும் சொன்னார்.

"பெரியவ அவங்கம்மா குரல்லயே பேசுவா டீச்சர். அச்சு அசலா அதே சத்தம். சின்னவளுக்கு அந்தக் குரல்லதான் சோறு ஊட்டுவா, திட்டுவா, படுக்கப் போடுவா. இது நாள் வரைக்கும் அப்படித்தான் வீடு ஓடுச்சு. இப்பப் பேசச் சொன்னா வாயே திறக்க மாட்டேங்குறா. சின்னது இப்பத்தான் டீச்சர், அம்மா எங்கன்னு கேக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பாருங்களேன், செத்தவ குரல்ல பேசுறதும் சோறு ஊட்டுறதும்! அந்த வீட்டுல இத்தனை நாளா என்ன கூத்து நடந்திருக்கு. நல்லவேளை, நான் நிறுத்துனேன். அவருக்கு அது புரியல. பாவம், படிக்காத மனுசன். அந்த ஒரு குரலு மட்டும் திரும்ப வந்தாப் போதும் டீச்சர், நீங்க சொன்னாக் கேப்பாள்ல, ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு கெஞ்சுறார்.

சின்னது எத்தனாவது படிக்குதுன்னு கேட்டேன். ஒண்ணாவதாம், எங்க காம்பவுண்டுக்குள்ளயே இருக்கிற ஆரம்பப் பள்ளிதான். அது இன்னும் ஒருதடவ கூட அழலையாம், அம்மா இருக்குன்னே இத்தனை நாளா நினைச்சுக்கிட்டு இருந்திருக்கு. நான் அவர் கையப் பிடிச்சு, கவலையே படாதீங்க, வர்ற புதன்கிழமை சின்னதையும் கூட்டிட்டு வந்து என்கிட்ட விடுங்க, அதையும் நான் பாத்துக்கிறேன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்த ஆளு, மூட்டை தூக்குற ஆம்பளை, அத்தனை டீச்சர்மார் முன்னாடி என் கால்ல விழுந்து ஓன்னு அழுதுட்டார். எனக்கே சந்தோசமாப் போச்சு. பாவம், அவருக்கும் எத்தனை நாளா உள்ளேயே கிடந்துச்சோ.